கிம்பல் இல்லாமலேயே ஆடாத காணொளி எடுக்க முடியுமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வருகிறது. தம்பி காவடி எடுத்துப் பத்துமலைப் படியேறிய காட்சி. ஆசையாகத் திறக்கிறீர்கள். படிக்கட்டு குதிக்கிறது, காவடி துள்ளுகிறது, நடுவில் யாருடைய முதுகோ வந்து மறைக்கிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. "தலை சுத்துதுப்பா, போதும்" என்று பாட்டி போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இனி என்ன செய்வது? தம்பியை மறுபடியும் படியேறச் சொல்ல முடியாது. தாலி கட்டும் நேரம், குழந்தை எடுத்துவைக்கும் முதல் அடி, தாத்தாவின் 80ஆவது பிறந்தநாள் எல்லாம் அப்படித்தான். ஒரே ஒரு டேக்.

வழி கேட்டால் பலரும் சொல்லும் பதில், "கிம்பல் வாங்குங்க". கைத்தொலைபேசியைச் சின்னச் சின்ன மோட்டார்களின் உதவியோடு நிலையாகப் பிடித்திருக்கும் கருவி அது. நல்லதாகப் பார்த்து வாங்கப் போனால் விலை பெரும்பாலும் மூன்று இலக்கத்தில் வந்து நிற்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று விசேஷங்களை மட்டும் படம்பிடிப்பவருக்கு அது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதில் பெரும்பகுதியைக் காசு செலவழிக்காமலேயே குறைக்கலாம்.

ஆட்டத்தில் மூன்று வகை

முதலாவது, கை நடுக்கம். எவ்வளவு திடமான கையாக இருந்தாலும் நுண்ணிய நடுக்கம் இருக்கும். இரண்டாவது, போன் சாய்வதும் திரும்புவதும். கை களைத்துப்போனால் இது கூடும். மூன்றாவது, நடை. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சில சென்டிமீட்டர் மேலேறி இறங்குகிறது. கூடவே போனும்.

இன்றைய கைத்தொலைபேசிகள் முதல் வகையை நன்றாகவே சமாளிக்கின்றன. உள்ளே கைரோஸ்கோப் என்ற உணர்கருவி இருக்கிறது. 2010இல் ஐஃபோன் 4 அதைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. போன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதை அது அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவைப் பார்த்து, லென்ஸையோ படம் பதியும் சில்லையோ எதிர்ப்பக்கமாக நகர்த்துவது ஒரு முறை. படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டிவிட்டு, மீதியை மென்பொருளால் எதிர்ப்பக்கம் நகர்த்துவது இன்னொரு முறை. பல போன்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன.

ஆனால் மூன்றாவது வகை, அதாவது நடையால் வரும் குதிப்பு, வேறு விஷயம். அங்கே போன் திரும்புவதில்லை, இடமே மாறுகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: காசு கொடுத்து வாங்கும் கிம்பலும் அதை முழுமையாகச் சரிசெய்யாது. கிம்பலின் மூன்று மோட்டார்களும் சாய்வு, திருப்பம், உருளல் ஆகிய மூன்றை மட்டுமே கவனிக்கும். நீங்கள் தட்தட்டென்று நடந்தால், கிம்பலில் மாட்டிய போனும் நிமிர்ந்து நேராக நின்றபடியே மேலும் கீழும் குதிக்கும்.

ஆக, நடையைத் திருத்தியே ஆகவேண்டும். கருவி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பால்குடம் ஏந்துபவரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம்வரை பால்குடம் ஏந்திச் செல்வோரின் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் விறைப்பாக இருக்காது. அடி சிறியதாக இருக்கும். குதிகால் முதலில் மெல்லத் தரையில் படும், பிறகு பாதம், கடைசியில் விரல்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் அசைந்தாலும் தலைமேல் இருக்கும் குடம் ஒரே உயரத்தில் மிதந்துகொண்டு போகும்.

நடந்துகொண்டே படமெடுக்க வேண்டுமானால் அந்த நடைதான் வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வீட்டில் பழகிப் பார்க்க ஒரு கப் நிறையக் கோப்பியே போதும். கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிந்தாமல் போய்வர முடிந்தால், கை தயார்.

இனிக் கையைப் பார்ப்போம். ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்து எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான முறை. இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டால் உடனே வித்தியாசம் தெரியும். மூன்றாவதாக ஒரு பிடிமானமும் கிடைத்தால் இன்னும் நல்லது. தூணில் சாயலாம், நாற்காலியின் முதுகில் முழங்கையை ஊன்றலாம். அலுவலக அடையாள அட்டையைத் தொங்கவிடும் பட்டை மாதிரி ஒன்றைப் போன் உறையோடு கட்டிக் கழுத்தில் மாட்டி, பட்டை விறைக்கும்வரை போனை முன்னால் தள்ளிப் பிடிக்கலாம். பட்டையின் இழுவிசையே போனை அசையவிடாது.

படிக்கட்டில் நீங்கள் ஏறாதீர்கள்

பத்துமலையில் 272 படிகள். காவடி எடுப்பவரின் பின்னாலேயே படமெடுத்துக்கொண்டு ஏறுவது இயல்பாக வரும் ஆசை. கிடைப்பதோ குதிக்கும் முதுகுக் காட்சி. முன்னால் போய்ப் பின்பக்கமாக ஏறிக்கொண்டே எடுப்பது ஆபத்து. கூட்டத்தில் தடுக்கினால் உங்களோடு நாலு பேர் விழுவார்கள்.

அதற்குப் பதில், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறிவிடுங்கள். படிகளுக்கு இடையிலுள்ள சமதளத்தில் ஓரமாக, வழியை மறைக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். தம்பி உங்களை நோக்கி ஏறி வரட்டும். பத்து விநாடி அசையாமல் எடுத்து நிறுத்துங்கள். அவர் கடந்து போனதும் இன்னொரு பத்து விநாடி. பிறகு மறுபடியும் முன்னால் போங்கள். கீழே ஒன்று, நடுவில் இரண்டு, உச்சியில் ஒன்று என்று நாலைந்து துண்டு கிடைத்தாலே முழுப் படியேற்றமும் கண்முன் வந்துவிடும். செய்தித் தொகுப்புகளில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான காட்சிகள் இப்படிச் சில விநாடித் துண்டுகள்தான். கேமரா நின்ற இடத்தில் நிற்கிறது, ஆட்கள் நடக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட மலிவான 'ஸ்டெபிலைசர்' கிடையாது.

கேமராவைத் திருப்பியே ஆகவேண்டிய காட்சிகளும் உண்டு. அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைப் பாதத்திலிருந்து வேல்வரை காட்ட ஆசைப்படலாம். அல்லது ஊர்வலத்தை இடமிருந்து வலமாகக் காட்ட நினைக்கலாம். அப்போது கால்களை, காட்சி எங்கே முடிகிறதோ அந்தப் பக்கம் பார்க்கும்படி ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பை மட்டும் தொடக்கத்தை நோக்கித் திருப்பிப் பதிவைத் தொடங்குங்கள். உடம்பு முறுக்கிலிருந்து தளர்ந்துகொண்டே போவதால் முடிவு வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் முறுக்கு தாங்காமல் நடுங்குகிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று விநாடி அசையாமல் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

ஸூம் செய்தால் என்ன ஆகும்?

சின்னக் கணக்கு ஒன்று. முழு எச்டி காணொளியின் அகலம் 1,920 புள்ளிகள். போனின் பிரதான லென்ஸ் ஏறத்தாழ 70 பாகை அகலத்தைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை ஒரே ஒரு பாகை திரும்பினால் படம் சுமார் 27 புள்ளி நகரும். இப்போது ஐந்து மடங்கு ஸூம் செய்கிறீர்கள். பார்க்கும் அகலம் 15 பாகை அளவுக்குச் சுருங்குகிறது. அதே ஒரு பாகைத் திருப்பத்துக்குப் படம் 128 புள்ளி பாய்கிறது.

கை நடுக்கம் மாறவில்லை. ஆட்டம் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

அதனால் ஸூம் செய்யாமல் முடிந்தவரை பக்கத்தில் போங்கள். அதற்காகக் கடைசிவரை போய் 'அல்ட்ரா வைட்' லென்ஸையே நம்பவும் வேண்டாம். பகலில் அது அருமை. பல போன்களில் அந்த லென்ஸுக்கு வெளிச்சத்தை வாங்கும் திறன் குறைவு; இருட்டினால் கைவிட்டுவிடும். இருட்டுதான் நம் அடுத்த தலைவலி.

இரவில் ஏன் எல்லாம் கலங்கித் தெரிகிறது?

தைப்பூச ஊர்வலம் நள்ளிரவை ஒட்டித் தொடங்குகிறது. தீபாவளி ஒளியூட்டைப் பார்க்கப் போவதும் இரவில்தான். பகலில் ஒழுங்காக எடுக்கும் போன் இரவில் சொதப்புவதற்குக் காரணம் ஷட்டர் வேகம்.

ஒரு காணொளி என்பது விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சில்லின்மேல் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்பதுதான் ஷட்டர் வேகம். வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போதும். அந்தக் குறுகிய நேரத்தில் கை எவ்வளவுதான் அசைந்துவிட முடியும்? இரவில் போன் தானாகவே அதை முப்பதில் ஒரு பங்கு விநாடிவரை நீட்டிவிடும். அத்தனை நேரமும் கை அசைந்துகொண்டிருப்பதால் ஒவ்வொரு தனிப் படமும் கோடிழுத்து மங்குகிறது.

மென்பொருளால் இதை மீட்க முடியாது. படத்தை அங்குமிங்கும் நகர்த்தி நேராக்க அதற்குத் தெரியும். மங்கியதைத் தெளிவாக்கத் தெரியாது. விளைவு விசித்திரமாக இருக்கும். காட்சி அசையாமல் நிற்கும், ஆனால் நீங்கள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மங்கி மங்கித் தெளியும். 'ஆட்டமே இல்ல, ஆனா கண்ணு வலிக்குது' என்று தோன்றும் இரவுக் காணொளிகள் பெரும்பாலும் இந்த ரகம். ஐஃபோன் 14இலிருந்து வரும் 'ஆக்‌ஷன் மோட்' போன்ற வசதிகளும் நல்ல வெளிச்சத்துக்கு ஏற்றவை. இருட்டில் வெளிச்சம் போதவில்லை என்று திரையிலேயே எச்சரிக்கை வரும்.

எனவே, இரவில் நடந்துகொண்டே எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். தெருவிளக்குக்கோ பந்தல் விளக்குக்கோ அருகில் இடம்பிடித்து, ஆட்கள் அந்த வெளிச்சத்துக்குள் வரும்போது எடுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும்.

விளக்கு மினுமினுப்பது இன்னொரு தொல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. விநாடிக்கு 30 படம் எடுக்கும்போது அது ஒத்துப்போகாமல் திரையில் பட்டை பட்டையாக ஓடலாம். விநாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐஃபோனில் கேமரா அமைப்புகளில் 'பால்' வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 தெரியும். ஷட்டரையும் நீங்களே கட்டுப்படுத்த 'பிளாக்மேஜிக் கேமரா' செயலி இலவசம். எல்லா ஆண்ட்ராய்டு போன்களுக்கும் அது வராது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் நேரம் எப்போதும் படவேகத்தில் பாதி இருக்கவேண்டும், அதாவது 25 படத்துக்கு 1/50 என்பது சினிமாக்காரர்களின் விதி. அசைவு இயல்பாகத் தெரிய அது உதவும். பகலில் கையில் பிடித்து எடுப்பவர்கள் அதற்காக மெனக்கெட்டு இருட்டுக் கண்ணாடி வில்லையெல்லாம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஷட்டர் வேகமாக இருந்தால்தான் பிறகு மென்பொருளால் திருத்த முடியும்.

ஒரு கயிறு, ஒரு திருகு

இதுவரை ஒரு காசு செலவில்லை. இனிக் கொஞ்சம் செலவழிக்கலாம்.

முதலில் வேண்டியது போனைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பிடி. அதன் அடியில் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கவேண்டும். கேமராக்களுக்கும் டிரைபாடுகளுக்கும் பொதுவான அளவு அது. அந்தத் துளைக்குப் பொருந்தும் திருகாணியை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, அதில் உறுதியான, இழுபடாத கயிறு ஒன்றைக் கட்டுங்கள். நீளம் தரையிலிருந்து உங்கள் கண்வரை, மேலும் கொஞ்சம். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு போனை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைக்கும்போது மேல்கீழ் ஆட்டம் நின்றுபோகும். கயிற்றை வளையமாகக் கட்டி இரண்டு கால்களாலும் மிதித்தால் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். டிரைபாடை விரிக்க இடமில்லாத கூட்டத்தில் இது கைகொடுக்கும். சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கும்.

அடுத்து, எடை. போன் இவ்வளவு ஆடுவதற்கு அது இலேசாக இருப்பதும் ஒரு காரணம். 200 கிராம் பொருளைச் சின்ன நடுக்கமும் திருப்பிவிடும். கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது ஏன் நீளமான கம்பைப் பிடித்துக்கொள்கிறார்? எடை மையத்திலிருந்து தள்ளித் தள்ளி இருந்தால் அந்தப் பொருளைச் சட்டென்று திருப்புவது கடினம். அவர் சாய்வதற்கு முன் சுதாரித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இதே தத்துவத்தில்தான் அமெரிக்க ஒளிப்பதிவாளர் கேரட் பிரவுன் 1970களின் நடுவில் 'ஸ்டெடிகேம்' கருவியை உருவாக்கினார். அதை அவர் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் 72 படிகள். 1976இல் வந்த 'ராக்கி' படத்தில் நாயகன் ஓடி ஏறும் அதே படிகள்தான். கேமராவும் எடையும் ஒரு கம்பின் இரு முனைகளில். கை பிடிப்பது நடுவே, சமநிலைப் புள்ளிக்குச் சற்று மேலே. பின்னாளில் ஜானி லீ என்ற அமெரிக்க மாணவர், குழாய்த் துண்டுகளையும் உடற்பயிற்சி எடைத் தட்டையும் இணைத்து 14 அமெரிக்க டாலரில் அதன் எளிய வடிவத்தைச் செய்து, செய்முறையையும் எல்லாருக்கும் வெளியிட்டார்.

நீங்கள் குழாய்கூட வாங்க வேண்டாம். சிறிய டிரைபாடின் கால்களை மடக்கி, போனைப் பொருத்தி, கீழ்முனையில் ஏதாவது எடையைக் கட்டிவிடுங்கள். கீழ்ப்பக்கம் சற்றே கனமாக இருக்கட்டும். சமநிலைப் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே இரண்டு விரல்களால் மென்மையாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் பயனில்லை. இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் நாலு நாள் நடந்து பார்த்தால் வந்துவிடும்.

எடுத்த பிறகு திருத்தலாமா?

ஓரளவுக்கு. கூகள் ஃபோட்டோஸ் செயலியில் காணொளியை நிலைப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. கணினி இருந்தால் 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

எல்லாமே ஓரங்களை வெட்டித்தான் நேராக்கும். ஆகவே எடுக்கும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். தலையை விளிம்பில் வைத்தால் தலை போய்விடும். 4கேயில் எடுத்து 1080பியாக வெளியிட்டால் வெட்டியது தெரியாது. அதற்கு இடம் வேண்டும்: ஐஃபோனில் விநாடிக்கு 30 படம் என்ற கணக்கில் 4கே ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட், 1080பி சுமார் 60. விசேஷத்துக்கு முதல்நாளே பழையதை அழித்துவிடுங்கள்.

வெளிச்சம் தாராளமாக இருந்தால் விநாடிக்கு 50 படம் எடுத்து, பாதி வேகத்தில் ஓட்டலாம். ஆட்டமும் பாதி வேகமாகிவிடுவதால் கண்ணை உறுத்தாது. ஒலியைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் கிம்பல் யாருக்கு?

நடந்துகொண்டே பேசி எடுப்பவர்களுக்கு, வாரந்தோறும் காணொளி வெளியிடுபவர்களுக்கு, திருமண வீடுகளில் காசு வாங்கிப் படமெடுப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. வாங்கும்போது, உறையோடு சேர்த்து உங்கள் போனின் எடையைத் தாங்குமா என்று பாருங்கள். பழையதை யாரிடமாவது இரவல் வாங்கி ஒருநாள் பயன்படுத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. கிம்பலைச் சமன்செய்து, இயக்கி, போனோடு இணைப்பதற்குள் மாலை மாற்றி முடிந்துவிடுவதும் உண்டு!

மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். லென்ஸை நகர்த்தி நிலைப்படுத்தும் அந்த நுண்ணிய அமைப்பை, எஞ்சினின் தொடர் அதிர்வு பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் எச்சரித்தது. பெரிய எஞ்சின் உள்ள வண்டிகளின் கைப்பிடியில் ஐஃபோனை நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்பது அதன் ஆலோசனை. சிறிய ஸ்கூட்டர்களில் பொருத்தினாலும் அதிர்வைத் தாங்கும் பிடியைப் பயன்படுத்தச் சொல்கிறது, அதுவும் எந்நேரமும் வேண்டாமாம். பத்துமலைக்கு வழி பார்க்கப் போனைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள், புறப்படும் முன் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.